முந்நூற்றுப் பத்து

ஜூலை. நார்த்டேல்.
புல்லின் மேல் உப்புத் தூவியது போல உறைபனி.
காலை ஐந்து பத்து.
சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்கிறது.
பொய் சொல்லக் கூடாது, முதல் திருப்பிலேயே.
மூன்று மூச்சு.
பிறகு விக்கல் மாதிரி ஒரு குலுக்கல்,
அணைந்துவிடுகிறது.

மறுபடி. மறுபடி.
ஆக்சிலேட்டரில் கால் இருக்கும்வரை ஓடும்,
எடுத்தால் போச்சு.
கேட்டைத் திறக்க யார் இறங்குவது?

வண்டிக்கு இருபத்தோரு வயது.
வெள்ளையாக வந்தது,
இப்போது தேநீர் குடிக்கிறவன் பல்லின் நிறம்.

டெஸ்மண்ட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து
இரவு உடையோடு தீர்ப்புச் சொன்னான்: பேட்டரி.
பேட்டரியென்றால் முதலில் எப்படிடா பிடிக்கும்?
அப்படியானால் பெட்ரோலில் தண்ணீர் என்றான்.
ஒரு வாய் தேநீர் போதும் அவனுக்கு, தீர்ப்பை மாற்ற.
செருப்பு ஆலையில் சூப்பர்வைசர்: விற்றுவிடு.
ருக்குமணி: கண்பட்டிருக்கு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வை.
வைத்தேன்.
பழம் நசுங்கவாவது வண்டி நகர வேண்டுமே.

ஆகவே ஒரு நோட்டுப் போட்டேன்,
ஆலையில் ஜோடிக் கணக்கு எழுதும் கட்டம் போட்ட நோட்டு.
செவ்வாய், உறைபனி, ஆறு முறை நின்றது.
புதன், தூறல், குளிர் குறைவு, இரண்டு.
வியாழன், மறுபடி பனி, ஏழு. அழுதேன்.
அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிட்டேன்.
வேலை முடிந்து வெயிலிலிருந்து எடுக்கும்போது
எல்லா நாளும் பூஜ்யம்.

நான்கு பிளக்கும் புதிதாய்ப் போட்டேன். எட்டு முறை நின்றது.
வேக்கம் குழாய்களில் கிளீனர் அடித்துக் காது வைத்தேன்,
ஓட்டை இருந்தால் சத்தம் மாறுமாம்.
மாறவில்லை.
ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவினேன்,
கரி கரியாய் வந்ததில் அப்படி ஒரு சந்தோஷம்.
சனிக்கிழமைப் பனி அந்தச் சந்தோஷத்தையும் அணைத்தது.

சூட்டில் சரி. குளிரில் மட்டும்.
சரி, குளிர் என்று இதற்கு
யார் சொல்வது?

ஞாயிறு. மின்வெட்டு.
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு
தெர்மோஸ்டாட் பக்கம் கட்டைவிரல் நீளத்தில்
ஒளிந்திருந்த சென்சாரின் பிளக்கை உருவி
மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன்.
இந்தக் குளிருக்கு ஐயாயிரம் ஓம் காட்ட வேண்டும்.
முந்நூற்றுப் பத்து.
துடைத்துவிட்டு மறுபடி.
முந்நூற்றுப் பத்து.
அதன் பாஷையில் அதற்கு அர்த்தம்:
எண்பது டிகிரி, எனக்கொன்றும் இல்லை,
கதகதப்பாக இருக்கிறேன்.

பானெட்டின் மேல் நகத்தால் சுரண்டலாம் பனியை.
அதற்கடியில் உட்கார்ந்து
நடுப்பகல் என்று சேதி அனுப்பியிருக்கிறது இது.
கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலைச் சுருக்க,
இன்ஜின் பட்டினியில் விக்கி விழ,
நான் பிளக் கடைக்காரனுக்குப் பணம் கட்ட.

அப்போதுதான் போன். பெர்த்திலிருந்து நிரோஷினி.
அங்கே பதினொன்றரை.
"ஹீட்டர் வாங்கினியாம்மா?"
"இங்க குளிரே இல்லடி" என்றேன்.
என் மூச்சு டார்ச் வெளிச்சத்தில்
புகையாய் ஏறிக் கலைந்தது.
மீட்டர் இன்னும் கையில்.

சிரித்துவிட்டேன். என்னம்மா என்றாள்.
வண்டியைப் பற்றிச் சொன்னேன்,
பாதி.

பெக்கியின் உடைசல் கிடங்கில் நூற்றிருபது ராண்ட்,
ரப்பர் வளையம் இனாம்.
பழையதை உருவ, ஜில்லென்ற கூலன்ட்
முழங்கைவரை வழிந்தது.
புதியதை அளந்தேன்: ஐயாயிரத்து நூறு.
உண்மை பேசும் பொருளைக் கையில் வைத்திருப்பது
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

திங்கள், ஐந்து பத்து.
பிடித்தது. காலை எடுத்தேன்.
மூன்று மூச்சு. நான்கு. பதினொன்று.
ஓடவிட்டே இறங்கிப் போனேன்.
கேட்டின் இரும்பு உள்ளங்கையைக் கடித்தது.
யம்மா, என்ன குளிர்,
என்றேன் வாய்விட்டு, தெருவுக்கே கேட்க.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தது:
"நான்தான் சொன்னேனே,
பேட்டரி."