நான்கெல்லை

சர்வர் போய்விட்டது.
மூலனூர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
பதினோரு டோக்கன்கள் வெயிலில் காய்கின்றன.
வேப்பமரத்தடியில் என் மேசை,
எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் தீமோத்தேயு.
ஒன்றரை சென்ட் வாங்குகிறார்.
அந்த ஒன்றரை சென்ட்டுக்குள்
போன மாசியிலேயே லீதியாள் குடிபோய்விட்டாள்.

ஆதார் நகலை அவர் வைத்திருந்தது
கறுப்பு அட்டைப் புத்தகத்துக்குள்.
அப்படியே கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனார்.
எழுத்து எதுவானாலும் பிழை பார்த்தே பழகிய கண் எனக்கு.
நகல் கிடந்த பக்கத்தைப் படித்தேன்,
பிறகு பின்னே போய், முன்னே வந்து.

முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதுகிறவன் சொல்கிறேன்:
அந்தக் கடவுள் எழுதிக் கொடுத்தது
எந்த ஆபீசிலும் பதிவாகாது.
சர்வே எண் கிடையாது.
நாலு திக்கும் திரும்பிப் பார்,
கண்ணுக்கு எட்டுவதெல்லாம் உனக்கு என்றால்
எல்லைக்கல்லை எங்கே நடுவது?
ஏற்கெனவே குடியிருப்பவர்கள் பத்து வகையறா,
பெயர் பெயராய்.
வில்லங்கம் போட்டுப் பார்த்தால் கட்டுக்கட்டாய் வரும்.
கணக்குக்கு நட்சத்திரம், மணல்.
ஆண்டனுபவிக்க வேண்டிய வாரிசு
பிறக்கவே இல்லை.
பிறப்பான் என்றபோது கூடாரத்துக்குள்ளிருந்து
அவர் சம்சாரம் சிரித்திருக்கிறது.
நானும் சிரித்திருப்பேன்.

ஒன்று மட்டும் முறைப்படி.
பிளந்துபோட்ட ஆடுமாடுகளுக்கு நடுவே
இருட்டில் புகையும் நெருப்பும் தனியே நடந்து போயிருக்கின்றன.
வாங்குகிறவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
சரிதான்.
கையெழுத்து எழுதிக் கொடுப்பவருடையது.

அப்புறம் எத்தனையோ வருஷம்.
கிணறு தோண்டினால் வழக்கு,
ஆடு பெருகுகிறது, நிலம் வரவில்லை.
சாராள் கண்மூடிய அன்று
அந்தத் தேசத்தில் ஆபிரகாமுக்கு
ஒரு குழி அகலம் சொந்தமில்லை.
எழுந்து போய் அந்த ஊர்க்காரர்கள் முன்னால் கும்பிட்டு நிற்கிறார்.
சும்மா எடுத்துக்கொள் என்கிறான் காட்டுக்காரன்,
ஊர் கேட்கும்படி.
பிறகு விலையைச் சொல்கிறான்,
அது ஒரு பேச்சா என்பதுபோல.

இதை நான் கேட்டிருக்கிறேனே.
இதே மேசை. போன வாரம்.
"சும்மா எடுத்துக்குங்க தீமோத்தேயு" என்றார் பொங்கியண்ணன்.
நாற்பது வருஷம் தன் ஆட்டை மேய்த்த ஆளுக்கு
அன்றைக்குத்தான் முதல் 'ங்க' போட்டார்.
"சென்ட்டு எழுவதாயிரம் போகுதுங்க.
நமக்குள்ள அதென்னங்க கணக்கு."
இருபதுகூடப் போகாத கொரங்காடு.
தீமோத்தேயு பேரம் பேசவில்லை.
மஞ்சப்பையிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார்,
திருப்பூர் கம்பெனியில் மகள்
செக்கிங் மேசையடியில் நின்றே சேர்த்த காசு.

சொத்து விவரம் அடித்தேன்.
கிழக்கே பொங்கியண்ணன் கொரங்காடு.
மேற்கே மேற்படியார் கிளுவை வேலி.
வடக்கே மேற்படியார் பட்டி.
தெற்கே மேற்படியார்.
நாலு பக்கமும் மேற்படியார்,
நடுவில் அந்தம்மா.
வெள்வேல மரம் ஒன்று உள்பட.
புத்தகத்திலும் மரத்தை விடவில்லை,
காடு, குகை, சுற்றெல்லை முழுக்க வருகிறது.
அதை எழுதியவன் என் தொழில்காரனாய் இருக்கவேண்டும்.

மூன்றரைக்கு சர்வர் வந்தது.
ரேகை எந்திரம் மூன்று தடவை
அவரை யாரென்று தெரியவில்லை என்றது.
வேட்டியில் தேய்த்து, ஊதி, மறுபடி அழுத்தினார்.
தெரிந்துகொண்டது.

வெளியே வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.
ஒன்று கேட்க நினைத்தேன்:
தேசத்தையே தருகிறேன் என்றவர்
குழிக்குக் காசு கொடுக்கவைத்தாரே,
ஒன்றும் தோன்றவில்லையா உங்களுக்கு?

அவர் முந்திக்கொண்டார்.
"தடம் எழுதிட்டீங்களா?"

நடந்து பார், நீளமும் அகலமும் நடந்து பார் என்று
அதில் எங்கேயோ வந்தது.

"ஆறடிங்க. இட்டேரியிலிருந்து குழி வரைக்கும்."
"போக வர?"
"போக வர."