ஆனா

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே
தரிசில் புல்டோசர் விட்டு இழுத்த மண்தடம்.
ஒன்பது வளைவு. ஏழாவதில் ஓர் உடைமரம்.
வெட்டிவிட வேண்டுமென்று மூன்று வருஷமாகப் பேச்சு.
நான் அங்கே நேரம் எடுக்கிறவன்.
பெயர் கொம்பையா என்றாலும்
"ஏ, வாட்ச்சு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் அணிக்கு வண்டி இரண்டு, புது டயர் ஒரு செட்.
"யாரு வேகமோ அவனுக்கு மாட்டு" என்றார்
முதலாளி ராஜநாயகம்.
சொல்லிவிட்டு, தங்கச்சி மகன் செல்வினின் வண்டிப் பக்கம்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
மெக்கானிக் காசிமுக்கு
அதற்குமேல் விளங்க வேண்டியதில்லை.

வானமாமலை நாங்குநேரிக்காரன். பத்தொன்பது வயசு.
பழைய டயரில் ஒரு நிமிஷம் நாலு புள்ளி எட்டு.
செல்வின், புது டயரில், ஐந்து புள்ளி இரண்டு.
எழுதிக் கொடுத்தேன்.
அட்டையை வாங்கிய முதலாளி
வெயிலுக்கு விசிறிக்கொண்டார்.

ஹெல்மெட்டைக் கழற்றுமுன்னே கத்திவிட்டான் பயல்:
"டயரு மருமவனுக்கு, மண்ணு எனக்காவே?"
கண்ணாடி மூடியிருந்ததால்
முக்கால்வாசிப் பேருக்குக் கேட்கவில்லை.
கேட்க வேண்டியவருக்குக் கேட்டது.

பந்தயத்தன்று ஐந்தாம் சுற்றில்
வாக்கிடாக்கி சொன்னது: "ஒதுங்கிக் குடுல."
ஒதுங்கவில்லை.
உடைமரத்தை உரசி, பம்பரில் ஒரு கொப்போடு வந்து
ஜெயித்தான்.
மேடையில் செல்வின் கை நீட்டினான்.
நல்ல பிள்ளை, மனசாரத்தான் நீட்டினான்.
இவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.
அதை மட்டும் யாரோ போட்டோ எடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் கோயம்புத்தூரிலிருந்து போன்.
பெரிய அணி, அடுத்த சீசனுக்கு ஆள் பார்க்கிறார்கள்.
"நீங்கதானுங்க டைம் எடுக்கறது?
அந்தப் பையன் எப்படிங்க?"

வண்ணார்பேட்டை டீக்கடை.
எதிரே முதலாளி, கையில் பாதி வடை.
எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
"வேகம்னா வேகம், சார்" என்றேன்.
அவர் மெல்லுவதை நிறுத்தினார்.
"ஆனா..." என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன், சத்தியமாக.
ஆனாவுக்குப் பிறகு என்ன என்று
எனக்கே அப்போது தெரியாது.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு
"புரியுதுங்க."
என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை.
முதலாளி இரண்டு டீக்கும் காசு கொடுத்தார்.

அது கோவையில் திமிராயிற்று.
சென்னைக்குப் போய் 'ஒத்துவராதவன்' ஆயிற்று.
சுற்றிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தபோது
"முதலாளிய அடிச்சிட்டானாமே, வே?"

செல்வினுக்கும் ஒரு சீசன்தான்.
ராதாபுரத்து நிலத்தில்
அண்ணனும் தங்கச்சியும் கோர்ட்டுக்குப் போனார்கள்.
அந்த வாரமே அவன் சீட்டில் வேறொருவன்.
கை குலுக்கத் தெரிந்தவன்
துபாயில் என்று கேள்வி.

போன ஆடியில் காவல்கிணறு விலக்கில்
போக்குவரத்து நின்றது.
காற்றாலை இறக்கை ஏற்றிய டிரைலர், அறுபது மீட்டர்.
முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியோடு நடக்கிறான்.
அந்த நடைதான் வண்டிக்கும் வேகம்.
ஸ்டியரிங்கில் வானமாமலை,
கொடிக்காரனை வைதுகொண்டே திருப்புகிறான்:
"நீ ஓரமா நில்லுல! கோடு எனக்குத் தெரியும்."

ஆடிக்காற்றில் இறக்கை லேசாக முனகியது.
அதன் நுனி
புரோட்டாக்கடைத் தகரத்துக்கு ஒரு சாண் விலகிப் போனது.
கடைக்காரர் கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டார்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தானா, தெரியாது.
என் கை சட்டைப்பைக்குள் போய்
எப்போதோ வாட்ச்சை அமுக்கியிருக்கிறது.
பதினோரு நிமிஷம், நாற்பது புள்ளி மூன்று.

அது நல்ல நேரமா, மோசமா?
ஒப்பிட
எனக்கு ஆளில்லை.