தனித்தேர்வர்

மிர்துளாவுக்குத் துணி மடிக்கும் பலகை, படிவம் ஒன்று.
சர்வினுக்குச் சாப்பாட்டு மேசை, படிவம் ஐந்து.
லூனாஸ் பெரிய சாலையில்
டோபிக் கடைக்கு மேலே எங்கள் இடைநிலைப்பள்ளி.
செம்பனைக் குலையோடு லோரி போகும்போதெல்லாம்
கட்டடம் நடுங்கும்,
வரைபடத் தாளில் நேர்கோடு கொஞ்சம் நெளியும்.
விடை சரியென்றால் விட்டுவிடுவேன்.

முதல் மாதம் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
ஏழரைக்கு மலாய், எட்டே காலுக்கு வரலாறு.
எட்டரைக்கு மீன்காரர் மோட்டாரில் வந்து ஹாரன் அடித்தார்.
மலாக்கா சுல்தான்கள் அன்றைக்குச் செதிலோடு முடிந்தார்கள்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள்.
படிவம் இரண்டில் ஒரு புதன்கிழமை
சட்டையில் மூன்று பொத்தான் இல்லாமல் வந்தான்.
வெள்ளிக்கிழமைக்குள் பேச்சும் இல்லை.
பின்வரிசையில் என்ன நடந்ததென்று
இன்றுவரை சொல்லவில்லை.
நான் எத்தனையோ கேள்வித்தாள் தயாரித்துவிட்டேன்,
அந்தக் கேள்வியை வைத்ததில்லை.

மாரியம்மன் கோயிலில் ஒரு அம்மா,
"பையனுக்கு ஏதாவது கோளாறா?"
பையனுக்கு இல்லை என்பதுவரை வாய் வந்தது.
திருநீறு பூசிக்கொண்டேன்.

ஆலையில் எனக்கு இரண்டு மணிக்கு எடைமேடை.
லோரி ஏறும், எழுதுவேன். காலியாகித் திரும்பும், கழிப்பேன்.
இரவு பதினொன்றுக்கு வந்து
நாளைய அத்தியாயத்தைப் பிரிப்பேன்.
ஆசிரியைக்கும் மாணவனுக்கும் எங்கள் வீட்டில்
எட்டு மணி நேரம்தான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் அவர்.
தலைக்குப் பின்னால் யாருடைய ஈரத் துண்டோ.
"எல்லாம் ஓக்கேதானே?"
"ஓக்கே."
பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் இனிதே நிறைவுற்றது.

ப்யூரெட் என்று புத்தகத்தில் இருந்தது.
எங்களிடம் இருமல் மருந்து ஊட்டும் சிரிஞ்சு.
வேலியோரச் சங்குப்பூவைக் கொதிக்க வைத்து
எலுமிச்சை விட்டோம், நீலம் ஊதாவானது.
சோடா மாவு போட்டோம், பச்சை.
மிர்துளா கேட்டாள், இதைக் குடிக்கலாமா?
அன்றைக்குத்தான் அவன் சிரித்தான்,
மூக்கு வழியாக, சத்தமே இல்லாமல்.

கூடுதல் கணிதத்தில் நான் என் காலத்திலேயே தோற்றவள்.
வகையிடல் வரைக்கும் எப்படியோ பிடித்து வந்தேன்.
ஒரு நாள் நான் போட்ட கணக்கை
அவன் பென்சிலால் மெதுவாகத் திருத்தினான்,
எனக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல.
அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன்.
தேவைக்கு மேல் இரண்டு தண்ணீர் அதிகமாகவே.

எஸ்.பி.எம். பதிவுப் படிவத்தில்
பள்ளியின் பெயருக்கு ஒரு கட்டம்.
மிர்துளா "டோபி" என்றாள். கோடு போட்டு விட்டோம்.

தேர்வு அட்டை வந்தது.
மையம் என்ற இடத்தில்
அதே பள்ளி, அதே மண்டபம்.
மாற்றிக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன்.
அட்டையை விளக்குக்கு நேரே பிடித்து
எழுத்துப்பிழை தேடுகிறவன்போல் வெகுநேரம் பார்த்தான்.
"மூணாவது ஃபேன் ரொம்பச் சத்தம் போடும்மா.
காதுல பஞ்சு வைக்க விடுவாங்களா?"
மூன்று வருடத்தில்
அந்தப் பள்ளியைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை
ஃபேனைப் பற்றி.
விடுவாங்க என்றேன். எனக்குத் தெரியாது.

இன்று முதல் தாள்.
வெளிவாசலுக்கு எதிரே, ரொட்டிக் கடை நிழலில்
காடிக்குள் இருக்கிறோம்.
வெள்ளைச் சட்டைகள் கும்பலாக உள்ளே போயின.
நீலச் சட்டை ஒன்று, தனியாக,
பொத்தான் எல்லாம் போட்டு.
மணி அடித்தது.

பின் இருக்கையில் மிர்துளா
பயிற்சிப் புத்தகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு,
"மைனஸை மைனஸால பெருக்கினா
ஏன்மா பிளஸ் வருது?"

நேற்றிரவு நான் எதுவும் படிக்கவில்லை.
"இரு," என்றேன்,
"அண்ணன் வரட்டும்."