இங்கே கையெழுத்திடவும்

நூற்று நாற்பத்தொரு கோப்புகள்.
எண்ணியது நான்தான்.
வேறு யாருக்கும் எண்ணத் தோன்றவில்லை.

டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாதுக் கப்பல் ஊதும்.
தூக்குப்பாலம் பதிலுக்கு ஊதும்.
நான்காம் மாடியில் என் காப்பி
ஆறிவிட்டதென்று அப்போதுதான் தெரியும்.

மார்லிஸ் நியெமி, பதினெட்டு வருடமாகச் சட்ட உதவியாளர்.
"நான் வக்கீல் இல்லை" என்று
தொலைபேசியில் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறேன்,
தும்மியவள் மன்னிப்புக் கேட்பதுபோல.

கப்பல்துறைச் சங்கிலியில் இரண்டு விரல் போன
ஆரின் ஹாகன் கேட்டார்:
"கேஸ் நிக்குமா?"
தெரியும்.
தெரிந்ததைச் சொல்லக் கூடாது.
அந்த உரிமம் சுவரில் சட்டமிட்டு மாட்டியவருக்கு.
"வக்கீல் கூப்பிடுவார்" என்றேன்.
கூப்பிடச் சொல்லி நான் எழுதிய சீட்டு
அவர் மேசைமேல் மற்றச் சீட்டுகளோடு
சருகாகிக் கிடந்தது.

சின்ன மஞ்சள் அம்புகள் வாங்குகிறோம், பெட்டிக்கு நூறு.
ஒவ்வொன்றிலும் அச்சடித்திருக்கும்:
இங்கே கையெழுத்திடவும்.
நான் ஒட்டிய இடத்தில் ஹால்வர்சன் கையெழுத்திடுவார்,
அம்புக்கு மேலே என்ன இருக்கிறதென்று
பார்க்காமலே.
முதல் வருடம் ஒரு காற்புள்ளிக்காக
முழு மனுவையும் திருப்பி அனுப்பினார்.
கழிப்பறையில் போய் அழுதேன் அன்று.
இப்போது அந்தக் காற்புள்ளிக்கு
ஏங்குகிறேன்.

பிப்ரவரியில் டாக்னி வேலையை விட்டாள்.
அவளுடைய அறுபது கோப்பும் என் அலமாரிக்கு வந்தன,
தற்காலிகமாக.
அந்தத் தற்காலிகத்துக்கு
இந்த மாதத்தோடு பதினான்கு மாதம்.

மருத்துவமனைச் சீட்டில் விபத்துத் தேதி பதினொன்று.
எழுதிய கை அவசரத்தில்
இரண்டாவது ஒன்றுக்கு மட்டும் மூக்கு வைத்திருந்தது.
நான் பதினேழு என்று படித்தேன்.
ஆறு நாள்.
பதினேழிலிருந்து எண்ணிக் கெடுவைக் குறித்தேன்,
இரண்டு நாள் கையில் வைத்து மனுப் போட்டோம்,
பெருமையாகத்தான் இருந்தது.
உண்மையில் கெடு முடிந்து
நான்கு நாள்.

புதன் இரவு, ஒன்பது நாற்பது.
துப்புரவுக்காரர் குப்பைக்கூடையைக் கவிழ்க்கும் சத்தம்.
எதிர்த்தரப்பு இன்னும் பார்க்கவில்லை.
யாருமே பார்க்கவில்லை.
அந்தத் தாளைக் கோப்பின் அடியில் செருக
அரை நிமிடம் போதும்.
நாலு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவர் மேசைமேல் வைத்தேன்.
"தேதி போட்டது நீதானே?"
"நான்தான்."
அப்புறம் கடைசிப் பக்கத்தில்
தன் கையெழுத்தைப் பார்த்தார்.
நீலமாக, நன்றாக, நிதானமாக இருந்தது அது.
பேனாவுக்கு மூடி போட்டார்.

கதவைத் திறந்து வைத்தபடியே ஹாகனிடம் பேசினார்.
"என் தவறு" என்றார்.
வேறு வக்கீலைப் பார்க்கச் சொன்னார், எங்கள் மேலேயே
வழக்குப் போடலாம் என்பதையும் சொன்னார்.
என் தவறு.
அந்த 'என்'னுக்குள் நானும் இருந்தேன்,
அடுத்தவரின் பெரிய கோட்டுக்குள் நிற்பதுபோல.
குளிர் விடவும் இல்லை.

அடுத்த திங்கள் புதிதாகப் பன்னிரண்டு கோப்புகள்.
"முடியாது" என்றேன்.
இந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லை
நான் சொன்னது அதுதான் முதல் தடவை;
குரல் கொஞ்சம் கீச்சிட்டது.
ஏழை எடுத்துக்கொண்டு போனார்.
ஐந்து இங்கேயே இருக்கிறது.

புது வக்கீலுக்காக ஹாகனின் கோப்பைப் பிரதி எடுத்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எந்திரத்தின் வெளிச்சம் ஒவ்வொரு தாளையும்
ஒழுங்காகப் படித்துக்கொண்டே போனது.
எங்களிடம் தங்கும் பிரதியில்
மூக்கு வைத்த அந்த ஒன்றுக்குப் பக்கத்தில்
ஒரு மஞ்சள் அம்பு ஒட்டினேன்.
பேனாவைத் தேடினேன்.