பதினெட்டாம் வரி

ஔலு நகரில் இரவு மூன்று மணி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
ஹில்க்கா திரையைப் படிக்கிறாள்.
வரிக்கு ஒரு கருவி, பத்திக்கு ஒரு கோர்,
நடுவில் எண்கள்:
கதவு எத்தனை முறை தட்டப்பட்டது, அவ்வளவுதான்.
எதற்குத் தட்டினார்கள் என்று எந்த எண்ணும் சொல்லாது.

டைமர் ஓயாமல் தட்டுகிறது, அதன் பிழைப்பு அது.
நெட்வொர்க் கார்டு கும்பலாக வந்து கும்பலாகப் போகிறது.
கீபோர்டு வரியில் மட்டும் நாற்பத்தொன்று கூடியிருக்கிறது.
இந்தக் கணக்கைக் கேட்க
அவள் அடித்த இருபத்தோரு விசைகள்தான்:
அழுத்தினால் ஒன்று, விட்டால் ஒன்று.
எண்டரிலிருந்து விரல் எடுத்தது
இன்னும் ஏறவில்லை.

பதினெட்டாம் வரி வேறு மாதிரி.
ஒரு லட்சம் தடவை.
ஒவ்வொரு டிரைவராக எழுப்பிக் கேட்டாயிற்று,
'என் கதவில்லை', 'என் கதவில்லை'.
கடைசியில் கெர்னல் ஒரே வாக்கியம் எழுதியது:
யாரும் பொருட்படுத்தவில்லை.
எழுதிவிட்டு வரியை மூடியது.

"மூடியாயிற்றே, இனி எண் ஏறாது, வீட்டுக்குப் போ"
என்கிறான் வெய்க்கோ,
கம்பளி சாக்ஸ் கால்களை ஹீட்டர்மேல் நீட்டியபடி.

அவள் கையுறை மாட்டிக்கொண்டு கூரைக்கு ஏறுகிறாள்.

காற்றுமானியின் கேபிள் குளிரில் உறை வெடித்துக் கிடக்கிறது.
ஒற்றைச் செம்பு இழை
கம்பத்தைத் தொடுகிறது, விடுகிறது,
தொடுகிறது.
இரு விரலால் அதைப் பிடித்து நிறுத்துகிறாள்.

கீழே, மூடிய வரியில்,
அதே எண்.
அவள் பிடித்தது
எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.