இரண்டரை டன்

வெறும் கேபினுக்கு எடை இரண்டரை டன்.
கிரேன் லாரியின் சின்னத் திரை பொய் சொல்லாது.
நான்தான் சில நேரம் சொல்வேன்.

வெள்ளம் வடிந்த மறுவாரம்
சுங்கை மெரா தோட்டப் பள்ளித் திடலில்
பதினெட்டு வீடுகளை இறக்கினேன்.
ஆளுக்கொரு கதவு, ஒரு ஜன்னல்,
மூலைக்கொரு சிமெண்டுக் கல்.
பழைய லயம் பள்ளத்தில் சேறு தின்று கிடந்தது.
அதைத் திரும்பக் கட்டமாட்டோம் என்று
மேனேஜர் வாய் திறந்து சொல்லவில்லை.
செம்பனைக் கன்றுகள்தான் வந்து இறங்கின.

ஏழாம் நம்பர் புஸ்பவள்ளிக்கு.
முன்பு அது சாலைக் குத்தகைக்காரனின் ஆபீஸ்;
தலைக்கவசம் அணியச் சொல்லி
சுவரில் மலாய் எழுத்து.
அதற்குக் கீழேயே முருகனை மாட்டினாள்.
"எத்தனை நாளைக்கு அண்ணே?"
ஆறு மாசம் என்றேன். தாளில் அப்படித்தான் இருந்தது.
கதவை இரண்டு தரம் சாத்திப் பார்த்தாள்.
"தாப்பா நல்லா இருக்கு."

திரும்ப ஏற்றப் போனது பதினான்காம் மாதம்.

கூரைமேல் பனையோலை, ஓலை பறக்காமலிருக்க
மோட்டார் சைக்கிள் டயர்கள்.
மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் ஆள் வெந்துபோகும்.
அவர்கள் குடியிருந்தது வீட்டில் இல்லை,
வீட்டின் நிழலில்.
நிழல் நகர, நாற்காலி நகரும்,
பையனின் கணக்கு நோட்டும் பின்னாலேயே நகரும்.

பட்டணத்து அடுக்குமாடிக்குப் பதினேழு குடும்பம்.
புஸ்பவள்ளி பட்டியலில் இல்லை:
ஓடிப்போன யோகேஸ்வரன் பெயரில்தான்
தோட்டத்துப் பதிவு இருந்ததாம்.
தங்கச்சி வீடு ரவாங்கில் இருக்கிறது என்றாள்.
நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

சங்கிலி மாட்டித் தூக்கினேன்.
திரையில் அறுபது கிலோ கூடுதல்.
"உள்ள எதையாச்சும் விட்டுட்டியா?"
"கூட்டித் தொடச்சிட்டேண்ணே."
தரைப்பலகையில் ஊறிய சேறாக இருக்கும்.
ஆணி, அலமாரிச் சட்டம், துரு.
எதையாவது சொல்லிக்கொள்ள வேண்டுமல்லவா.

வீடு மேலே போனதும்
கீழே புல் முளைக்காத நீளச் சதுரம்,
வெளுத்து, காய்ந்து.
இரண்டு கரண்டி, ஒரு சீப்பு,
கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள்.
பையன் ஒரு மூலையில் போய் நின்றான்.
"இங்கதான் நான் படுப்பேன்" என்றான்,
பூனைகளிடமா என்னிடமா தெரியவில்லை.

சாலைச் சோதனையில் என்ன சரக்கு என்றார்கள்.
கோசோங், என்றேன். காலி.
பின்னால் வெங்காயமும் கடுகும் தாளித்த வாடை
தாப்பா வரைக்கும் வந்தது.

டிப்போவில் கதவைத் திறந்தேன்.
கேஸ் மாற்றிய தேதிகளை மார்க்கரில்
ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தாள்.
பதினொன்று. கடைசி இரண்டுக்கும் நடுவே
இடைவெளி ரொம்ப அதிகம்.
அடுத்த மழைக்கு வேறு ஊருக்குப் போகணும்,
வெள்ளை அடி, என்றான் சூப்பர்வைசர்.

அடித்தேன்.
மார்க்கர் மை இரண்டே மாதத்தில்
பூச்சைத் தாண்டி மேலே வரும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.