பத்தொன்பது விநாடி

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில்.
லான்ஜோவில், மஞ்சளாற்றின் இரு கரையிலும்
எந்தக் கட்டடம் எந்த மாடியில் முனகும் என்று
கேட்காமலே சொல்வேன்.
நாங்கள் குடியிருப்பது ஆறாம் மாடி.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடன வகுப்பு.
ரூயான் பின்பக்கம் வளைந்தாள்.
ஏழு வயது.
கை தரையைத் தொட ஒரு சாண் மிச்சம்.
கைப்பேசியைப் பிடித்தபடி நான்தான் சொன்னேன்:
இன்னும் கொஞ்சம்.
தொட்டாள்.
பத்தொன்பது விநாடி வீடியோ.
அக்காவுக்கு, கம்பெனி குழுவுக்கு,
ஒருவரையும் விடாமல் அனுப்பினேன்.

முதுகு வலிக்கிறது என்றாள்.
நடந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.
காலில் எறும்பு என்றாள்.
தேடினேன். சாக்ஸைக் கழற்றி உதறினேன்.
திரும்ப மாட்டும்போது
கால் என் கையில் கிடந்தது,
கடையில் வாங்கிய பொருள் மாதிரி.
நடிக்காதே, பஸ் போய்விடும் என்றேன்.
அதையும் நான்தான் சொன்னேன்.

முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை.
மறுநாள் ஸ்கேனில்
தண்டுவடத்தின் நடுவே வெளுத்த கோடு,
சாக்பீஸால் இழுத்ததுபோல்.
பக்கவாதம் மாதிரிதான் என்றார் டாக்டர் ஸே.
அது கிழவர்களுக்கு அல்லவா? தலையில் அல்லவா?
இங்கேயும் வரும், குழந்தைக்கும் வரும்;
ரத்தம் கொஞ்ச நேரம் போய்ச் சேரவில்லை.
கேபிள் அறுந்துவிட்டதா என்று கேட்டேன்,
எனக்குத் தெரிந்த மொழி அதுதான்.
அறுபடவில்லை என்றார்.
அப்படியானால் நான் எங்கே கை வைப்பது?

அந்த வகுப்பில் பதினான்கு பேர் வளைந்தார்கள்.
பதின்மூன்று பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே
பேனாவால் கோடு போட்டிருக்கிறார்.
அதுவரை தொட்டால் கூசிச் சிரிக்கிறாள்.
அதற்குக் கீழே
வேறு யாரோ ஒருத்தியின் வயிறு.

நாலு மணிக்கொரு தடவை குழாய் வைக்க வேண்டும்.
அவள் அம்மா ஒரே நாளில் கற்றுக்கொண்டாள்.
முடி போன்ற ஒயரைப் பிரித்துச் சேர்க்கும் என் கை
ஒன்பது நாள் நடுங்கியது.

பயிற்சி அறையில் எல்லோரும் சொல்கிறார்கள்
அந்த இரண்டு சொல்லை.
நான் மட்டும் வாய் திறப்பதில்லை.
மூன்றாம் வாரம் வலது பெருவிரல் அசைந்தது.
வெறும் துடிப்பா, அவள் அசைத்ததா,
டாக்டருக்கே தெரியவில்லை.
ரூயானைக் கேட்டால்,
'அது என்னைக் கேட்டுச் செய்யவில்லை' என்கிறாள்.

வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.
கடைசி இரண்டு விநாடியில்
அவள் தானாக எழுந்து நிற்கிறாள்.

வீட்டுக்கு நூற்றிரண்டு படி.
முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறேன்.
நாலாம் மாடியில் மூச்சுக்கு நிற்கும் இடத்தில்
யாரோ குளிர்காலத்துக்கு அடுக்கிய முட்டைகோஸ்.
நேற்று பதினொன்று இருந்தது,
இன்றைக்கு ஒன்பது என்கிறாள் காதோரம்.
கதவைத் தட்டி
அந்த இரண்டையும் என்ன சமைத்தார்கள் என்று
கேட்கச் சொல்கிறாள்.